கரையாள் நடந்து வந்த மழைக்காலம்

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள், தங்கள் தலையில் விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்று, பஸ் ஏறிவிடுவார்கள். அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, வாய்க்காலில் திரும்பி, எங்கள் குளத்துக்கு வந்து எங்கள் ஊரைத் தின்னும். சின்ன வயதில் அருவியில் குளிக்க வந்தவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபமாக வரும். அவர்கள்தான் தண்ணீரைத் தள்ளி விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஊர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்காசியிலிருந்து அச்சன்புதூர் போகிற பக்கம் ஒரு பெரிய குளம். அதன் நடுவே ஒரு மேடு. மேட்டில் கொஞ்சம் வீடுகள், ஒரு அம்மன் கோயில், ஒரு அடிபம்பு. அவ்வளவுதான். கோடையில் குளத்துக்குள் நடந்தே ஊருக்கு வரலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் நாலு பக்கமும் தண்ணீர், நாங்கள் தீவுக்காரர்கள். லாரி டியூப்பின் மேல் பலகை கட்டிய தெப்பத்தில்தான் போக்குவரத்து. பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்பதால், எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தீவில் ஒரு குறையும் தெரியாது.

பெரியவர்களுக்குத்தான் கவலை. வாடைக்காற்று கிளம்பினால் குளத்தில் அலை எழும்பி, மேட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். கல் கொட்டிப் பார்த்தார்கள். எங்கள் களிமண்ணில் கல் நிற்காது, அடுத்த மழைக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் ஊரார் தங்கள் பழைய வழியையே பார்த்துக்கொண்டார்கள். புரட்டாசிக் கடைசியில் பூவரசங்கம்புகளை வெட்டி வந்து கரையோரம் நெடுக ஊன்றுவார்கள். கம்பைச் சுற்றி வைக்கோல் பிரி முறுக்கி, உள்ளே களிமண் திணித்து, கம்புக்கும் கம்புக்கும் நடுவே பனைமட்டையால் படல் பின்னிக் கட்டுவார்கள். அலை வந்து வைக்கோலில் மோதி வேகம் செத்துப்போகும். கொண்டுவந்த வண்டலைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பும். வைக்கோல் அழுகுவதற்குள் பூவரசு வேர் பிடித்துவிடும். வரிசையில் நடுவே ஒரு கம்பு இல்லாமல் போனால் மட்டும் ஆபத்து. அந்தச் சந்தில் நுழைந்த தண்ணீர் இரண்டு பக்கத்து வீட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

இவ்வளவோடு விட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. களிமண் கரையாமல் இருக்க, கம்புக்கு ஒரு பழைய உடுப்பை மாட்டுவார்கள். கைக்கு இரண்டு வைக்கோல் சுருணை, மேலே தலைக்கு ஒரு உருண்டை. முகம் மட்டும் கூடாது. அதற்குப் பெயர் கரையாள். பொம்மை என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கரையாள், தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். வீட்டில் யாராவது வெளியூரில் இருந்தால் அவர்கள் போட்டுக் கழித்த உடுப்பைத்தான் மாட்ட வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் தாங்களே கரையைப் பார்த்துக்கொள்வார்கள், வெளியூர் போனவன் தன் பங்குக்குச் சட்டையையாவது அனுப்ப வேண்டாமா என்பது நியாயம். வெளியூரில் யாரும் இல்லாத வீட்டில், வீட்டில் இருக்கிறவர் உடுப்பு. இறந்துபோனவர் உடுப்பு மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அது நிற்காது என்பார்கள்.

எங்கள் கரையைப் பார்த்தால் வெளியாட்கள் சிரிப்பார்கள். போலீஸ் காக்கி ஒன்று, பட்டாளத்துப் பச்சை ஒன்று, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை பார்த்தவரின் கறை படிந்த பனியன் ஒன்று, திருப்பூர் டீ-சர்ட் ஒன்று. முகமில்லாமல் எல்லாரும் கையை விரித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பார்கள். பகலில் எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்து சாரலும் விழ ஆரம்பித்துவிட்டால், அந்தப் பக்கம் ஒண்ணுக்குப் போகக்கூடத் துணை வேண்டும்.

எங்கள் வீட்டுக் கரையாள் சித்தப்பா. வளைகுடாப் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற சின்னக் கப்பலில் அவருக்குச் சமையல் வேலை. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை. அதன் பையைச் சித்தி பச்சை நூலால் தைத்திருந்தாள். நீல நூல் கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, பச்சையில் தைத்தால்தான் தன் ஞாபகம் இருக்கும் என்றாளாம். இதைச் சித்தப்பாவே சொல்லிச் சிரிப்பார். அந்த வருஷம் கரையாள் நட்ட அன்று என்னோடு போன் பேசினார்.

"என் சட்ட நல்லா நிக்குதாட்டி? அங்கன குளத்துல நிக்கேன், இங்கன கடல்ல நிக்கேன். இந்தத் தண்ணி நம்மள விடாது போலுக்க."

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். ஜன்னல் பக்கத்து ஆணியில் ஒரு துணிப்பையில் தொங்கும், அங்கே மட்டும்தான் சிக்னல் எடுக்கும். சித்தப்பா பேசி சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அது அடித்தது. அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். அம்மா கோயில் பக்கம். நான்தான் எடுத்தேன். தெரியாத குரல். சித்தப்பா பெயரைச் சொல்லி, அவர் வீட்டம்மா இருக்கிறாரா என்று கேட்டார். சித்தியிடம் கொடுத்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் "சரி அண்ணாச்சி. சரி. சரி அண்ணாச்சி" என்றாள். உள்ளே வந்து போனைப் பையில் போட்டு ஆணியில் மாட்டினாள்.

"யாரு சித்தி?"

"ராங் நம்பர்ட்டி."

ராங் நம்பரில் வந்தவருக்குச் சித்தப்பா பெயர் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிள்ளை இல்லை நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முதலில் துவைக்கிற கல், அதைத் தாண்டி ஒரு முருங்கை மரம், அதையும் தாண்டித்தான் கரையாள். காலையில் பல் தேய்க்கப் போகும்போது முருங்கைக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டை தெரியும். ஒரு நாள் பார்த்தால், முருங்கையை ஒட்டி நின்றது. கரை இடிந்து தண்ணீர் முன்னே வந்திருந்தது, அது எனக்குப் புரிந்தது. இடிந்த கரையோடு கரையாளும் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. புதிய கரையில், சேற்றில் நன்றாக ஊன்றி நின்றது. பக்கத்து வீட்டுப் போலீஸ்காரரும் அந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்காரரும் பழைய இடத்திலேயே நிற்க, எங்கள் சித்தப்பா மட்டும் வரிசையை விட்டு வீட்டை நோக்கி வந்திருந்தார்.

"எம்மா, சித்தப்பா கிட்ட வந்திருக்காவ."

"வாயக் கழுவிட்டு உள்ள வா" என்றாள் அம்மா. திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அடுத்து முருங்கை மரம் போனது. மரம் சாய்ந்து தண்ணீரில் மிதந்தது, சித்தப்பா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்குத்தான் இன்னொன்றையும் கவனித்தேன். சட்டையின் பொத்தான்கள் தெரிந்தன. கரையாள் தண்ணீரைத்தானே பார்க்க வேண்டும்? எங்களுக்கு எப்போதும் முதுகுதானே தெரியும்? பச்சை நூல் போட்ட பை, பொத்தான், காலர் எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தன. முகமில்லாத அந்த வைக்கோல் உருண்டை எங்கள் அடுப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்த பல்பொடியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஊரிலும் பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, போலீஸ்காரரின் அம்மா, வந்து எங்கள் கொல்லையில் நின்றுகொண்டு சத்தம் போட்டாள்.

"ஏளா, எல்லார் கரையும் நிக்கி, உங்க கரை மட்டும் ஏன் இப்படி வாய் பொளக்கு? நாளைக்கு எங்க செவுரும்லா போவும்?" என்றவள், குரலைத் தாழ்த்தி, "தம்பி பேசினானா? என்னைக்குப் பேசினான்?" என்று கேட்டாள்.

சித்தி துவைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "பேசினாவ பெரியம்ம. கப்பல் தூரமாப் போயிருக்காம். டவர் கெடைக்காதுன்னு சொன்னாவ."

எனக்குத் தெரிந்து, அந்த ராங் நம்பருக்குப் பிறகு சித்தப்பா பேசவே இல்லை. சரி, நான் தூங்கும்போது பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் விடியற்காலம், கோழி கூப்பிட்டாயிற்று, வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. சாரலும் பனியுமாக வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. முழிப்புத் தட்டி ஜன்னலுக்குப் போனேன். துவைக்கிற கல் பக்கத்தில் சித்தப்பா ஆடிக்கொண்டிருந்தார். காற்றில் என்று நினைத்தேன். ஆடி, சாய்ந்து, சட்டென்று நிலத்தை விட்டு எழும்பினார். கையை விரித்தபடியே கல்லைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்து வந்தார். வெள்ளைக்குள் நீலச் சட்டை மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள். சேறு அப்பிய, நிஜமான மனுஷக் கால்கள்.

எப்படியோ அம்மாவின் பாய்க்குப் போய் அவளை உலுக்கினேன்.

"எம்மா, சித்தப்பாக்குக் கால் மொளச்சிட்டும்மா. நடந்து வருதாவ."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்குப் போவாள் என்று பார்த்தேன், போகவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த சித்தியின் பாயைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்து, வாயைப் பொத்தி, "ஒண்ணும் பேசாதட்டி. தூங்கு" என்றாள். அம்மாவுக்கே பயம் என்றால் நான் எம்மாத்திரம்.

அதற்குப் பிறகு மழை விடாமல் பெய்தது. அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அங்கே யாரும் குளிக்காத தண்ணீரும் எங்களுக்குத்தான் வந்தது. துவைக்கிற கல் முங்கி, அலை எங்கள் பின்சுவரை நக்க ஆரம்பித்தது. அப்பாவும் ஊர் ஆண்களும் வாசலில் கூடிப் பேசினார்கள். அன்றைக்குள் வரிசையில் விழுந்த அந்த இடைவெளியை அடைக்காவிட்டால் மூன்று வீடும் போய்விடும், கரையாளைத் தண்ணீர் ஓரத்தில் திருப்பி ஊன்றி, படலை வரிசையோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும் என்றார்கள். கரையாள் எங்கே என்று தேடினார்கள். கொல்லையில் இல்லை.

ஆம்பளைகளுக்கு எங்கள் அறைக்குள் வந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. காலையில் கண் விழித்தபோதே பார்த்துவிட்டேன். சித்தப்பா மூலையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, தரை முழுக்கச் சேறு. சித்தி அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, துண்டால் அந்த வைக்கோல் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை குளிப்பாட்டிவிட்டு அம்மா துவட்டுவாளே, அதே மாதிரி, காதுக்குப் பின்னாலெல்லாம் விட்டுத் துவட்டினாள். காதே இல்லை. பக்கத்தில் ஒரு தம்ளரில் காப்பி ஆவி பறந்தது.

ஏனோ எனக்கு அப்போது பயம் போய்விட்டது. நெருங்கிப்போய்க் கேட்டேன்.

"சித்தி, சித்தப்பாவ உள்ள கூட்டிட்டு வந்துட்டியா?"

"ஆமாட்டி. போதும் நின்னது. எவ்வளவு நேரந்தான் தண்ணிக்குள்ள நிப்பாவ? குளுருதுல்லா."

"காப்பி சித்தப்பாக்கா?"

அவள் தம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ குடி" என்று என் கையில் கொடுத்தாள்.

நான் குடித்து முடிப்பதற்குள், அவள் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வைக்கோல் கையிலிருந்து உருவி, பிழிந்து, நாலாக மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அதே பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். கிளிப்பச்சைச் சேலை. சித்தப்பா முதல் லீவில் வந்தபோது எடுத்துக் கொடுத்தது. தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் கட்டுவாள், என்னைத் தொடக்கூட விடமாட்டாள். கம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு, சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலில் நின்ற ஆண்களைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வரிசைக்கு நேராகக் கம்பை ஊன்றினாள். ஆண்கள் பின்னாலேயே ஓடினார்கள், யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் சேலையை விரித்தாள். கம்புக்குக் கட்டினாள், சும்மா சுற்றவில்லை, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, ஒரு பொம்பளைக்குக் கட்டுகிற மாதிரி. முன்பக்கத்தைத் தண்ணீரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அப்பா தலைத்துண்டை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா "ஏளா, என்னளா செய்த" என்று ஓடி, தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டாள். சத்தம் போட்டுச் சண்டைக்கு வந்த பெரியம்மாதான் முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிறகு ஊரே அழுதது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல சேலை வீணாகிறதே என்று அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் அதில் வருத்தம்தான். சித்தி கரை ஏறி வந்ததும் கேட்டேன்.

"நீதான் இங்கனயே இருக்கியே சித்தி. உன் சேலைய எதுக்குக் கெட்டுன?"

"நம்ம வீட்ல வெளியூர்ல யாரும் இல்லட்டி" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். சரிதான். சித்தப்பாதான் வீட்டுக்குள் வந்தாயிற்றே, துவட்டிக்கூட விட்டாயிற்றே. அப்புறம் வெளியூரில் யார் இருக்கிறார்கள்? கணக்கு நேராக வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆண்கள் அழுதுகொண்டே படலைக் கட்டினார்கள். எங்கள் கரை நின்றது. மறு வருஷமே அந்தக் கம்பு பூவரசு மரமாகத் தழைத்தது. இன்றைக்கும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக்கொண்டு அங்கேதான் இருக்கிறது. செத்தவர் சட்டை என்பதால் கரை இடிந்ததா, அவள் விடியலுக்கு விடியல் பிடுங்கிப் பிடுங்கி நட்டதால் இடிந்ததா என்று எனக்கு இதுவரை தெரியாது. கடலில் போன கப்பல் திரும்பவில்லை என்று அந்தப் போன் சொன்னதை, தண்ணீர் வந்து சட்டையை எடுத்துக்கொண்டால் நிஜமாகிவிடும் என்று அவள் பயந்திருக்கிறாள். அவர் நிற்கிறவரைக்கும் உயிரோடு இருக்கிறார் என்று, மழைக்காலம் முழுக்க அவரைத் தண்ணீருக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேறு யார் என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்?

அன்றைக்கு எனக்கு இதில் ஒரு சொட்டும் தெரியாது. படல் கட்டி முடிக்கும் முன்பே, மழையில் தலை நனைய நான் ஊரைச் சுற்றி ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினேன்.

"எங்க சித்தப்பா வந்தாச்சி! எங்க சித்தப்பா வீட்டுக்கு வந்தாச்சி!"

ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை, இல்லை என்று சொல்லவில்லை. பெரியம்மா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டு, கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தாள்.

"சரிட்டி" என்றாள். "வந்தாச்சுல்லா."